தள்ளாடிய நடையும் தவறிய தீர்ப்பும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மூளையைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று இதனைப் புரட்டும் அன்பர்கள் வியக்கக்கூடும். முப்பதாண்டுக் காலம் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துப் பணி ஓய்வு பெற்ற நமக்கு மருத்துவத்தில் புலமை இல்லை. ஆயினும், ஒரு மனிதரைப் பற்றி நாம் வழங்கிய தீர்ப்பு தவறாகிப் போனதையும், அத்தவற்றை நமக்கு உணர்த்திய நோயின் இயல்பையும் மாணவச் செல்வங்களுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம். இதில் வரும் குடும்பத்தாரின் இசைவு பெற்றே எழுதுகிறோம். அவர்தம் பெயர்களை மட்டும் தவிர்த்துள்ளோம். அப்பெயர்கள் நம் ஊரில் பட்ட பாடு போதும்.

இரு விரற்கடை குறைந்த சட்டை

கல்லூரிச் சாலையில் அவர் சிறிய தையற்கடை ஒன்று வைத்திருந்தார். ஆசிரியர் பலருக்கும் சட்டை தைத்துக் கொடுத்தவர் அவரே. எடுத்த அளவைக் குறிப்பேட்டில் எழுதும் வழக்கம்கூட அவரிடம் இல்லை. ஒருமுறை அளந்தால் ஈராண்டு கழித்தும் நினைவிலிருந்து சொல்வார். தையல் எந்திரத்தின் மிதியை அவர் கால் அழுத்தும் ஓசை, சீர் பிறழாத செய்யுளைப்போல் ஒழுங்காக ஒலிக்கும்.

2006ஆம் ஆண்டு பெருநாளுக்கு அவர் தைத்துத் தந்த சட்டையின் இடக்கை, வலக்கையைவிட இரு விரற்கடை குறைந்திருந்தது. எடுத்துக் காட்டினோம். "அளவு சரியாகத்தான் இருக்கிறது, ஐயா" என்று ஒரே பிடியாக நின்றார். நாம் மீண்டும் சுட்டியபோது, அதுவரை அவரிடம் கேட்டிராத கடுஞ்சொல் ஒன்று வெளிவந்தது. கூலியை மேசைமீது வைத்துவிட்டுச் சினத்துடன் திரும்பினோம். அப்போது அவருக்கு வயது 43.

அடுத்த ஈராண்டுகளில் அவரிடம் துணி கொடுப்போர் குறைந்தனர். வெட்டத் தொடங்கிய துணியைப் பாதியில் விட்டு வேறொன்றை எடுப்பார். சொன்ன நாளில் எதுவும் முடியாது. விரல்கள் யாரும் வாசிக்கச் சொல்லாத ஆர்மோனியத்தை வாசிப்பனபோல் தாமே அசைந்தன. 2008இல் ஒரு மாலைப்பொழுதில் அவர் சாலையைக் கடக்கக் கண்டோம். கால் ஓரிடத்தில் ஊன்ற, உடல் வேறு திசையில் சாய்ந்தது. தேநீர்க்கடையில் அமர்ந்திருந்த ஒருவர், "இவரும் குடிக்கத் தொடங்கிவிட்டார்" என்றார். நாம் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமன்று, "நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்று கூடவே சொன்னோம். மதுவை அறவே விலக்கிய குடும்பங்கள் வாழும் தெருவில், பேராசிரியர் ஒருவர் வாயிலிருந்து வரும் அச்சொல் எத்துணைக் கொடியது என்பதை அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

2009இல் அவருடைய மகன் நம் துறையில் இளங்கலை மாணவராகச் சேர்ந்தார். ஒருநாள் அவரைத் தனியே அழைத்து, "தம்பி, அத்தாவுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருத்தக் கூடாதா?" என்று கேட்டோம். "அத்தா குடிப்பதில்லை, ஐயா" என்று மட்டும் சொல்லித் தலை கவிழ்ந்து நின்றார். தந்தையின் குறையை மறைக்கும் மைந்தன் என்று நாமே ஒரு பொருள் கொண்டு புன்னகைத்தோம். அந்தப் புன்னகையை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகிறோம்.

படத்தில் கண்ட வெற்றிடம்

2011இல் சூடான இஸ்திரிப் பெட்டி கைதவறி விழுந்து அவருடைய தொடை வெந்தது. புண்ணுக்கு மருந்திட்ட மருத்துவர், நடையைக் கண்டு ஐயுற்று, பெருநகரில் உள்ள நரம்பியல் வல்லுநரிடம் அனுப்பினார். "நீங்கள் உடன் வந்தால் டாக்டர் சொல்வதை விளங்கிக்கொள்ள உதவியாக இருக்கும், ஐயா" என்று மகன் கேட்டார். சென்றோம்.

வல்லுநர் அவரை நாக்கை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். சில நொடிகூட நாக்கு நீட்டியபடி நிற்கவில்லை. தம் இரு விரல்களை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி, பால் கறப்பவர் கையைப்போல் இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. "உங்கள் பெற்றோரில் எவருக்கேனும் இப்படி இருந்ததுண்டா?" என வினவினார். ஐம்பது வயதில் இறந்த தாயாருக்குக் கைகால் உதறல் இருந்தது என்றும், ஊரார் அதற்குப் பேய்க்கோளாறு என்று பெயரிட்டனர் என்றும் அப்போதுதான் நாமறிந்தோம்.

பின்னர் எம்.ஆர்.ஐ. படத்தை விளக்கொளியில் வைத்துக் காட்டினார். மூளையின் ஆழத்தில், நீர் நிறைந்த அறைகளின் ஓரமாக, வால்போல் வளைந்த திரள் ஒன்று இருபுறமும் உண்டு. அதற்குக் 'காடேட்' என்று பெயர். அதனருகே 'புட்டமென்' என்ற மற்றொரு திரள். இவ்விரண்டும் சேர்ந்ததே 'ஸ்ட்ரையேட்டம்'. நலமுள்ள மூளையில் காடேட்டின் தலைப்பகுதி, அறைக்குள் சற்றே புடைத்து நிற்கும். இவர் படத்திலோ அப்புடைப்பு தேய்ந்து தட்டையாகியிருந்தது. திசு கரைந்த இடத்தை நீர் நிரப்ப, அறைகள் பெட்டிபோல் அகன்றிருந்தன. "இவர் குடிகாரர் அல்லர். மூளையின் ஒரு பகுதியை இழந்துகொண்டிருக்கிறார். இது ஹண்டிங்டன் நோய்" என்றார் வல்லுநர். பின்னர் வந்த இரத்தச் சோதனை முடிவும் அதனை உறுதி செய்தது.

கருவிழந்த கடிவாளம்

அன்று அவர் சொன்னதையும், அதன்பின் நாம் கற்றதையும் சுருக்கமாகத் தருகிறோம்.

நாம் ஒரு கையை அசைக்க எண்ணும்போது, வேண்டிய அசைவை விடுவித்து வேண்டாத அசைவுகளை அடக்கும் பணியில் ஸ்ட்ரையேட்டத்திற்குப் பெரும்பங்கு உண்டு. இந்நோயில் அடக்கும் பணியைச் செய்யும் நரம்பணுக்களே முதலில் மிகுதியாக நலிகின்றன. கடிவாளம் அறுந்த குதிரையைப்போல் உறுப்புகள் தாமே ஆடுவது இதனால்தான். நோய் முற்றும்போது எஞ்சிய அணுக்களும் அழிய, ஆட்டம் குறைந்து உடல் விறைத்து மெதுவாகிறது. காடேட், நெற்றிப்புற மூளையோடு நெருங்கிய தொடர்புடையது. ஆதலின் திட்டமிடுதல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனத்தைத் திருப்புதல், சினத்தை அடக்குதல் ஆகியனவும் குலைகின்றன. தம்மிடம் நேர்ந்துள்ள மாற்றத்தைத் தாமே உணராமையும் இந்நோயின் அடையாளங்களுள் ஒன்று. "அளவு சரியாகத்தான் இருக்கிறது" என்று அன்று அவர் சொன்னது பிடிவாதமும் அன்று, பொய்யும் அன்று. குறையைக் காணும் கருவியே குறைந்துகொண்டிருந்தது.

இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து, 1985இல் வான்சாட்டெல் என்பவரும் உடன் ஆய்வாளரும் இவ்விழப்பைச் சுழி முதல் நான்கு வரை ஐந்து படிகளாக வகுத்தனர். சுழிப் படியில் கண்ணுக்கு மூளை இயல்பாகவே தோன்றும். ஆனால் அணுக்களை எண்ணிப் பார்த்தால் காடேட்டின் தலைப்பகுதியில் 30 முதல் 40 விழுக்காடு ஏற்கெனவே மறைந்திருக்கும். நான்காம் படியில் 95 விழுக்காடு மறைந்துவிடும். புறணியும் மெலிந்து, முற்றிய நிலையில் மூளையின் மொத்த எடையே கால் பங்கு அளவிற்குக் குறைந்துவிடுவதுண்டு. உயிரோடு உள்ளோரைப் படமெடுத்து நிகழ்த்திய ஆய்வுகளோ இன்னொன்றையும் காட்டின. நடை தள்ளாடுவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னரே ஸ்ட்ரையேட்டம் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. அப்படியாயின், சீர் பிறழாமல் மிதி ஒலித்த அந்நாளிலேயே அவருக்குள் தேய்வு தொடங்கியிருக்க வேண்டும்.

எல்லை கடந்த அடுக்கு

இந்நோய்க்குப் பெயர் தந்தவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்னும் அமெரிக்கர். அவருடைய தந்தையும் பாட்டனாரும் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் மருத்துவம் பார்த்தவர்கள். சிறுவனாக இருந்தபோது, தந்தையுடன் வண்டியில் சென்ற சாலையில் இரு பெண்களைக் கண்டார். தாயும் மகளுமான அவர்கள் உயரமாக, மிக மெலிந்து, உடலை வளைத்தும் முறுக்கியும் முகத்தைச் சுளித்தும் நடந்து வந்தனர். அந்தக் காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1872இல், தம் 22ஆம் வயதில், முன்னோர் இருவரின் குறிப்புகளையும் துணைக்கொண்டு இந்நோயைத் தெளிவாக வரைந்தார். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது, நடுவயதில் தோன்றுவது, மனத்தையும் தாக்குவது என்பன அவர் கண்டவை. சாலையில் அவர் கண்டதைப் போன்ற காட்சியையே நாமும் கண்டோம். அச்சிறுவன் ஏன் என்று எண்ணினான். பட்டம் பல பெற்ற நாமோ குடி என்று முடிவு கட்டினோம்.

நோயின் மூலம் நான்காம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. மரபணு என்பது நான்கே எழுத்துகளால் ஆன ஒரு நூல் எனலாம். அந்நூலின் ஓரிடத்தில் சி, ஏ, ஜி என்னும் மூவெழுத்துச் சொல் அடுக்கி வருகிறது. ஒரு சொல்லை நான்குக்கு மேல் அடுக்கலாகாது என நன்னூலார் எல்லை வகுத்ததை நம் மாணவர் அறிவர். இந்த மரபணுவுக்கும் ஓர் எல்லை உண்டு. 26 முறை வரை அடுக்கினால் இயல்பு. 36 முதல் 39 வரை இருந்தால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40ஐ எட்டினால், போதிய ஆயுள் இருப்பின் நோய் வந்தே தீரும். நம் நண்பருக்கு 44 இருந்தது. அடுக்கு மிகுந்த மரபணுவிலிருந்து பிறழ்ந்த புரதம் உருவாகிறது. ஸ்ட்ரையேட்டத்து அணுக்களுக்குள் இவ்வடுக்கு வாழ்நாள் முழுதும் மெல்ல நீள்கிறது என்றும், 150ஐக் கடந்த பின்னரே அணு நலிந்து மடிகிறது என்றும் 2025இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறியது. நாற்பதாண்டு அமைதிக்குப்பின் நோய் தலைகாட்டுவதேன் என்ற வினாவிற்கு இது நல்லதொரு விளக்கம்.

பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடில்லை. "சொந்தத்தில் மணம் முடித்ததால் வந்த வினை" என்று நம் ஊரில் சிலர் பேசினர். அது பிழை. அவருடைய மனைவி மாமன் மகளேயாயினும், இந்நோய்க்கு அதனோடு தொடர்பில்லை. இது தொற்றும் நோயும் அன்று.

நம்மைப் போன்றோர் எங்கும் உண்டு

நாம் செய்த பிழையை உலகின் பிற இடங்களிலும் செய்திருக்கின்றனர். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வூடி கத்ரி இந்நோயால் 1967இல், 55ஆம் வயதில் மறைந்தார். நோய் இன்னதென அறியப்படுமுன் அவரது நிலைக்குக் குடியே காரணம் எனக் கருதப்பட்டது. லியோனோர் வெக்ஸ்லர் என்னும் அம்மையார், 1968இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நீதிமன்றக் கடமைக்காகக் காலையில் சென்றுகொண்டிருந்தார். விடிந்ததும் குடிக்க வெட்கமில்லையா என்று காவலர் ஒருவர் அவரைக் கடிந்தார். அம்மையாரின் தந்தையும் உடன்பிறந்தோர் மூவரும் இந்நோய்க்கு ஆளானவர்கள். அக்காவலரின் சொல்லே அவரை மருத்துவரிடம் செலுத்தியது. 1978இல் அவர் மறைந்தார்.

அவர் மகள் நான்சி வெக்ஸ்லர், வெனிசுவேலா நாட்டு மரக்காய்போ ஏரிக்கரைக்குச் சென்றார். அங்கே தலைமுறை தலைமுறையாக இந்நோய் பரவிய குடும்பங்களை அமெரிக்கோ நெக்ரெத்தே என்ற அந்நாட்டு மருத்துவர் 1950களிலேயே இனங்கண்டிருந்தார். அவரும் முதலில் அம்மக்களைக் குடித்தவர்கள் என்றே எண்ணினாராம். ஊரார் சொல்லித்தான் உண்மை அறிந்தார். நான்சியும் உடன் ஆய்வாளரும் 1979 முதல் அக்குடும்பங்களின் வம்சவரிசையைத் தொகுத்தனர். அது 18,000 பேருக்கு மேல் விரிந்தது. அம்மீனவக் குடும்பங்கள் மனமுவந்து தந்த குருதியைக்கொண்டே 1983இல் மரபணுவின் இருப்பிடமும், 1993இல் மரபணுவும் கண்டறியப்பட்டன. இன்று உலகில் எங்கு எவர் இந்தச் சோதனையைச் செய்துகொண்டாலும் அவர் அந்த ஏழை மக்களுக்குக் கடன்பட்டவர். நான்சி தமக்கும் இந்நோய் உள்ளதை 2020இல் உலகறியச் சொன்னார்.

மகன் கேட்ட வினா

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பேருந்தில் தந்தையார் உறங்க, மகன் நம்மிடம் மெல்லக் கேட்டார்: "எனக்கும் இருக்குமா, ஐயா? சோதித்துக்கொள்ளலாமா?" இருபதாண்டுகளுக்கு மேல் மாணவர் வினாக்களுக்கு விடை கூறிய நமக்கு, அன்று விடை இல்லை.

வல்லுநரிடம் பின்னர் கேட்டோம். நோய்வாய்ப்பட்டவரைச் சோதிப்பது வேறு, நலமாக உள்ளவரைச் சோதிப்பது வேறு என்றார். தடுக்க வழியில்லாத நோயை முன்கூட்டி அறிவது சிலருக்குத் தெளிவு, சிலருக்குப் பெருஞ்சுமை. அறியும் உரிமை போலவே அறியாதிருக்கும் உரிமையும் உண்டு. எனவே ஆற்றுப்படுத்தும் உரையாடல் இன்றிச் சோதனை செய்யலாகாது. சிறுவர்க்குச் செய்யவே கூடாது. மரபணு கண்டறியப்படுமுன் பெரும்பாலோர் சோதித்துக்கொள்வோம் என்றனர். கண்டறிந்த பின்னரோ ஐந்தில் ஒரு பங்கினர்கூட முன்வரவில்லை. மகனும் இன்றுவரை செய்துகொள்ளவில்லை. முப்பது வயதைக் கடந்து, பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருக்கிறார். பேனா கைதவறி விழுந்தால் ஒரு கணம் நின்று அதனைப் பார்க்கிறார்.

2014இல் அவருடைய தங்கைக்கு மணம் பேச வந்த பெரியவர் ஒருவர் நம் இல்லம் நாடினார். "பெண்ணின் தகப்பனார் குடிப்பாராமே? உங்கள் வார்த்தையை நம்புகிறோம்" என்றார். நாம் தூவிய விதை முளைத்து நம் வாயிலுக்கே வந்து நின்றது. ஒருநாள் அவகாசம் கேட்டு, அக்குடும்பத்தாரிடம் சென்றோம். "குடி என்ற பழியைத் துடைத்துவிடுங்கள், ஐயா. நோயையும் மறைக்க வேண்டாம். மறைத்து நடந்தால் ஒவ்வொரு நாளும் நான் அஞ்ச வேண்டியிருக்கும்" என்றார் அப்பெண். அவ்வாறே சொன்னோம். பெரியவர் பொறுமையாகக் கேட்டார், நன்றி கூறினார், எழுந்து சென்றார். அந்த மணம் கூடவில்லை. அதன்பின் வேறு பேச்சும் எழவில்லை. உண்மை சொன்னால் எல்லாம் நலமாக முடியும் என்று எழுத நமக்கு ஆசைதான். ஆனால் நடந்தது இதுவே.

அன்று மாலை அத்தந்தையாரின் முன் அமர்ந்து, தேநீர்க்கடையில் நாம் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கோரினோம். அவருக்குப் பேச்சு குழறத் தொடங்கிய காலம். நாம் கூறியது எவ்வளவு எட்டியதோ அறியோம். தேநீர்க் கோப்பையைத் தம் கையாலேயே நமக்குத் தர முயன்றார். பாதி சிந்திற்று. மீதியைப் பருகினோம். 2021இல் அவர் மறைந்தார்.

உழையிருப்போர்

இன்று நம்பிக்கை தரும் செய்திகளும் வருகின்றன. உடல் ஆட்டத்தைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. அவை மூளைத் திசுவின் இழப்பைத் தடுப்பனவல்ல. பிறழ்ந்த புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கும் மரபணு மருந்தொன்றைப் பல மணி நேர அறுவையின் மூலம் நேரே காடேட்டிலும் புட்டமெனிலும் செலுத்தியதில், உயர் அளவு பெற்று மூன்றாண்டு நிறைவு செய்த 12 பேரிடம் நோயின் வேகம் 75 விழுக்காடு குறைந்ததாக 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கை சிறிது. எனினும் நோயின் போக்கையே தடுக்க இயலும் என்பதற்கு அது ஒரு தொடக்கம். இச்செய்தியை மகனுக்குப் படித்துக் காட்டினோம். "தங்கையிடமும் சொல்கிறேன், ஐயா" என்றார்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் கூறுவதை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கிறோம். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உழையிருந்து உதவுபவர் என்பன அவை. முதல் மூன்றையும் விரித்துரைத்து, நான்காவதை ஒரு வரியில் முடித்துவிடுவது நம் வழக்கம். தீர்க்கும் மருந்து இல்லாத பதினைந்து ஆண்டுகள் அந்நண்பரைத் தாங்கியது அந்த நான்காவது கூறுதான். சோற்றைக் குழைத்து ஊட்டிய மனைவியும், நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்ட மகனும், கட்டிலின் விளிம்புகளில் பழந்துணி சுற்றிய மகளும் அதைச் செய்தனர். அவ்வட்டத்தில் ஊராகிய நமக்கும் ஓரிடம் இருந்தது. நாம் அதனை ஏற்கவில்லை, பழி மட்டும் சுமத்தினோம்.

ஆகவே மாணவச் செல்வங்களே, பெரியோர்களே, தெருவில் ஒருவர் தள்ளாடி வரக் கண்டால் தீர்ப்பை ஒத்திவையுங்கள். அருகே சென்று, "உடம்புக்கு என்ன?" என்று கேளுங்கள். அப்படி ஒருவர் 2008இல் கேட்டிருந்தால், நோயின் பெயர் மூன்றாண்டு முன்னரே தெரிந்திருக்கும். ஒரு பெண்ணின் மணப்பேச்சில் குடி என்ற சொல் புகுந்திராது. கைகுறைந்த அச்சட்டை இன்றும் நம் பெட்டியில் இருக்கிறது. அதனைத் திருத்தித் தைக்க நாம் எவரிடமும் கொடுக்கவில்லை.